வண்டி இரவில் எங்கே நிற்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்சார வண்டிகள் பெட்ரோல் கார்களையும் டீசல் லாரிகளையும் ஒழித்துக்கட்டிவிடுமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில வாரங்களாக வாதம் நடக்கிறது. ஒரு சாரார் இன்னும் பத்தே வருடத்தில் பங்க்குகளுக்குப் பூட்டு என்கிறார்கள். இன்னொரு சாரார் பேட்டரி போனால் பாதி வண்டி போச்சு, எல்லாம் கண்துடைப்பு என்கிறார்கள். இரு தரப்பும் "வண்டி" என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதுதான் சிக்கல். பால் வாங்கப் போகும் ஸ்கூட்டருக்கும் 55 டன் டிரைலருக்கும் ஒரே பதில் கிடையாது.

எந்த வண்டியாக இருந்தாலும் மூன்று விஷயம் தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? இரவில் எங்கே நிற்கிறது? நிற்கிற இடத்தில் கரண்ட் யார் பெயரில் இருக்கிறது? கொட்டகை விட்டுக் கிளம்பி அதே கொட்டகைக்குத் திரும்புகிற வண்டி மின்சாரத்துக்கு மாறும். எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே போகிற வண்டி இப்போதைக்கு மாறாது. காரா லாரியா என்பது அடுத்த கேள்விதான்.

ஸ்கூட்டரில் விவாதத்துக்கே இடமில்லை. 3 யூனிட் பேட்டரியில் நிஜமான ஓட்டம் 80 முதல் 100 கிலோமீட்டர். நகரத்தில் ஒருவரின் அன்றாட ஓட்டம் 30, 40ஐத் தாண்டாது. லிட்டருக்கு 45 தரும் பெட்ரோல் ஸ்கூட்டரில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய்க்கு மேல் ஆகும். மின்சார ஸ்கூட்டரில் 30 பைசா. ஆட்டோவும் அப்படியே. ஆனால் நாட்டில் விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரம் என்ற புள்ளிவிவரத்தை நம் ஊர் ஆட்டோவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதில் பெரும்பங்கு வட மாநிலங்களின் இ-ரிக்‌ஷா. இரு சக்கர வண்டியில் 2024-25ஆம் நிதியாண்டில் மின்சாரத்தின் பங்கு சுமார் 6 சதவீதம். காரில் அதைவிடவும் குறைவு.

நகரப் பேருந்துக்கும் கணக்கு சுலபம். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நிலையான தடம், தெரிந்த தூரம், இரவில் ஒரே பணிமனை, அங்கே உயரழுத்த இணைப்பு என்று மேலே சொன்ன மூன்று கேள்விக்கும் அங்கே ஆரம்பத்திலேயே பதில் இருந்தது.

இனி கார். கார் வாங்குகிறவர்கள் ஷோரூமில் பேட்டரியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். வீட்டு ஒயரிங் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. பிரச்சினை பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கிறது, சில வீடுகளில் நிஜமாகவே.

காரோடு வரும் சின்ன சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டுவது, 3.3 கிலோவாட். இஸ்திரிப் பெட்டி 10 நிமிடம் இழுக்கும், தண்ணீர் சுடவைக்கும் கீசர் 15 நிமிடம் இழுக்கும். கார் அவற்றைவிட அதிகக் கரண்டை 8 மணி நேரம் விடாமல் இழுக்கிறது. பழைய சாக்கெட்டில் பித்தளைப் பிடி தளர்ந்து தொடுமிடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தால் போதும், 15 ஆம்பியரில் அந்த ஒரு புள்ளியில் 22 வாட் வெப்பம் கிளம்பும். சால்டரிங் அயர்னின் முனைக்கு இருக்கிற சூடு அது. பிளாஸ்டிக் உருகும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து சார்ஜ் போடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். முதல் வாரம் சார்ஜ் ஏறும்போது ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே சாக்கெட்டை மாற்ற வேண்டும்.

7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர். மீட்டர் போர்டிலிருந்து வேறெதற்கும் கிளை பிரியாத தனி லைன் வேண்டும். கம்பி 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, லோடு மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் 40 ஆம்பியர் எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. அந்த ஆர்சிசிபியும் குறைந்தது 'ஏ' வகையாக இருக்க வேண்டும். வீடுகளில் வழக்கமாக மாட்டும் 'ஏசி' வகை, சார்ஜர் பக்கம் கசியும் துடிப்புள்ள நேர்மின்னோட்டத்தை (டிசி) சரியாக உணராது. "4 சதுரம் போதும் சார்" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் தூரத்தைக் கேளுங்கள். அடுக்குமாடியில் மீட்டர் அறைக்கும் பார்க்கிங்குக்கும் 40 மீட்டர் இருந்தால், 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 32 ஆம்பியர் போகும்போது 12 வோல்ட் வழியிலேயே இறங்கிவிடும். 380 வாட் கம்பிக்குள் வெப்பமாகவே போகும், அதுவும் குழாய்க்குள், மற்ற கம்பிகளோடு ஒட்டிக்கொண்டு. பல வீடுகளின் ஒருமுனை இணைப்பு இந்த லோடைத் தாங்காது. முதலில் மின்வாரியத்தில் லோடு கூட்டி, தேவையானால் மும்முனைக்கு மாறிவிட்டு, அப்புறம் சார்ஜரை மாட்டுங்கள்.

எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். "சார்ஜர் கம்ப்ளைன்ட்" என்று கம்பெனிக்குப் போகும் அழைப்புகளில் கணிசமானவை உண்மையில் எர்த் கம்ப்ளைன்ட்தான். கோடையில் குழி காய்ந்ததும் தடை ஏறிவிடும். அளந்தால் 5 ஓமுக்குள் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கிராமத்து லைனில் மாலை வேளையில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் சில சார்ஜர்கள் வேகத்தைக் குறைக்கும், சில நின்றே போகும். இரவு 11 மணிக்கு மேல் சார்ஜ் ஆரம்பிக்கும்படி காரிலேயே நேரம் குறித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது கரண்ட் பில். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்" என்பது விளம்பரக் கணக்கு. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 2,400. சுவரிலிருந்து எடுப்பது கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்று வைத்தால் 360 யூனிட். ஏற்கெனவே 400 யூனிட் எரியும் வீடு 760க்குப் போகிறது. நம் மாநிலத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்கே மாறிவிடும். கீழ் அடுக்குகளின் மலிவு விலையும் கையை விட்டுப் போகும். அந்த 360 யூனிட்டுக்காகக் கூடுகிற பில்லை வகுத்துப் பார்த்தால் யூனிட் 9 ரூபாய்க்கு மேல் வருகிறது. அப்படியும் கிலோமீட்டருக்கு 1.40 ரூபாய்தான், லிட்டருக்கு 16 தரும் பெட்ரோல் காரில் 6.25 ரூபாய். லாபம் லாபம்தான், ஆனால் ஷோரூம் தாளில் எழுதியிருக்கிற லாபம் அல்ல. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்கு சுமார் 12 யூனிட் கிடைக்கும். இரண்டு மாதத்தில் 700ஐத் தொடும். மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை இருக்கிறது. காருக்கு முன்னால் சோலாரைப் போடுவதே புத்திசாலித்தனம்.

பேட்டரி ஆயுளைப் பற்றி நம்மூரில் இருக்கிற பயத்தில் பாதிக்கு மேல் தேவையற்றது. பெரும்பாலான கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகின்றன. பேட்டரியைக் கெடுப்பது சூடும், முழு சார்ஜில் சும்மா நிற்பதும். நூறு சதவீதம் ஏற்றி மே மாத வெயிலில் நான்கு நாள் நிறுத்திவிட்டு ஊருக்குப் போவது, வேகமாக சார்ஜ் போடுவதைவிடக் கெடுதல். அன்றாடத்துக்கு 80 சதவீதம் போதும். ஆனால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் அவ்வப்போது, கம்பெனிக் கையேடு சொல்கிற இடைவெளியில், முழுதாக ஏற்றியே ஆக வேண்டும். அதன் வோல்டேஜ் நடுவில் ஒரே மட்டமாக இருப்பதால் எவ்வளவு மிச்சம் என்று கணினிக்கு விளங்காது. முழுதாக நிரம்பும்போதுதான் அது தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, 18 சதவீதம் காட்டிய வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது என்று திட்டுவதில் பயனில்லை.

இன்னொரு வேடிக்கை: பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் கார் உயிர்பெறாது. காரணம் 12 வோல்ட் சின்ன பேட்டரி. கதவு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. ஒரு மாதம் ஓடாமல் நின்ற காரில் முதலில் சாவது அதுதான். அப்படி நின்ற வண்டியைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. சக்கரம் சுற்றினால் காந்த மோட்டார் ஜெனரேட்டராகி மின்னணுச் சாதனங்களைச் சுட்டுவிடும். தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: பேட்டரிப் பெட்டியில் ஐபி67 என்றிருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். இரண்டு நாள் முழுகிக் கிடந்ததற்கு அது உத்தரவாதம் இல்லை. தண்ணீர் வடிந்ததும் "ஓடுதா பாப்போம்" என்று ஆன் செய்வதும் சார்ஜ் போடுவதும் ஆபத்து. இன்சுலேஷன் அளந்து பார்க்கும்வரை வண்டியைத் தொடாமல், வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்துவதே சரி.

புகையைப் பற்றியும் ஒரு வரி. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.72 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் என்றால் 108 கிராம். 16 தரும் பெட்ரோல் காருக்குப் புகைக்குழாயில் மட்டும் 144 கிராம். ஆக, கால் பங்கு குறைவு, அவ்வளவே. பகல் சூரிய மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் இந்த இடைவெளி பெரிதாகும். அதற்காகத்தான் 2024இல் மத்திய மின் அமைச்சகம் பொது சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை மின்சாரம் வழங்க ஆகும் சராசரிச் செலவில் 70 சதவீதம், மற்ற நேரத்தில் 130 சதவீதம் என்று வழிகாட்டியது.

இப்போது லாரி. இந்தக் கடிதத்தின் நோக்கமே அதுதான். சங்ககிரி, நாமக்கல் பக்கம் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போடுவது லாரித் தொழில். "மின்சார லாரி வந்தால் நாம் காலி" என்ற பயமும், "வட்டிக்கு வாங்கியாவது ஒன்று எடுத்துவிடலாமா" என்ற ஆசையும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் கணக்கில் பார்த்துவிடலாம்.

55 டன் டிரைலர் முழு லோடில் லிட்டருக்கு 3 கிலோமீட்டர் தருகிறது என்று கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. என்ஜின் அதில் 40 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்கு அனுப்புகிறது. மிச்சம் ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் சூடாகப் போகிறது. ஆக, சக்கரத்துக்குத் தேவை கிலோமீட்டருக்கு 1.33 யூனிட். மோட்டாரிலும் கன்வெர்ட்டரிலும் போகிற சேதாரத்தைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 1.5 யூனிட். இது வெறும் காகிதக் கணக்கில்லை. சென்னை முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா 55 டன் லாரியில் 282 யூனிட் பேட்டரிக்கு 198 கிலோமீட்டர் என்று கம்பெனியே சொல்கிறது, வகுத்தால் 1.42. கம்பெனி எண்ணுக்கும் சாலை எண்ணுக்கும் எப்போதும் இருக்கிற இடைவெளியை விட்டால் சரியாகப் பொருந்துகிறது. கையில் 20 சதவீதம் மிச்சம் வைத்து ஓட்டுகிற டிரைவருக்கு நிஜமாகக் கிடைப்பது 150 கிலோமீட்டர்.

பேட்டரியைப் பெரிதாக்கினால் என்ன? 400 கிலோமீட்டருக்கு 600 யூனிட் வேண்டும். இன்றைய எல்எஃப்பி பெட்டியில் ஒரு கிலோ எடைக்கு 150 வாட்-மணி என்று வைத்தால் 4 டன். அதே தூரத்துக்கு டீசல் 133 லிட்டர், எடை 110 கிலோ. என்ஜின், கியர்பாக்ஸ், டேங்க், புகை சுத்திகரிக்கும் பெட்டி எல்லாம் போவதால் ஒன்றரை டன் வரை திரும்பக் கிடைக்கும். மீதி இரண்டரை டன் லோடில் வெட்டு. சிமெண்ட், கம்பி, கிரானைட் ஏற்றுகிறவருக்கு வாடகை டன்னுக்குத்தான்; ஒவ்வொரு நடையிலும் இரண்டரை டன் வாடகை போகும். பஞ்சு, ஜவுளி, பிளாஸ்டிக் சாமான் ஏற்றுகிறவருக்குக் கவலையில்லை. எடை ஏறும் முன்பே பாடி நிறைந்துவிடும்.

அடுத்தது பணம். டீசல் லிட்டர் 92 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 30.70. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்கு டீசலில் 5 சதவீத அளவு யூரியா திரவம் வேறு ஊற்ற வேண்டும், ஆக 31.50 என்று வைப்போம். மின்சாரத்தில் சார்ஜ் ஏறும்போது போகும் 10 சதவீதத்தையும் சேர்த்து 1.65 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றால் 16.50. கிலோமீட்டருக்கு 15 ரூபாய் மிச்சம். வண்டி விலையில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வித்தியாசம் 65 லட்சம் என்று கொள்வோம். 10 சதவீத வட்டி என்றால் வித்தியாசத்துக்கு மட்டும் வருடத்துக்கு 6.5 லட்சம். நாளுக்கு 200 கிலோமீட்டர், வருடத்தில் 300 நாள் ஓடினால் 60,000 கிலோமீட்டர், மிச்சம் 9 லட்சம். வட்டி போக 2.5 லட்சம்தான் அசலில் கழியும். வண்டி கிழடாகிவிடும், கடன் இளமையாகவே இருக்கும். அதுவே நாளுக்கு 400 கிலோமீட்டர் என்றால் மிச்சம் 18 லட்சம். ஏழு வருடத்துக்குள் வித்தியாசத்தை வட்டியோடு எடுத்துவிடலாம்.

ஆக, நிறைய ஓடினால்தான் மின்சார லாரி கட்டுபடியாகும். நிறைய ஓடுகிற வண்டிக்கோ பேட்டரி போதாது. இந்த முடிச்சு ஒரே இடத்தில்தான் அவிழ்கிறது: குறுகிய தடத்தில், திரும்பத் திரும்ப, ஒரே முதலாளியின் இரண்டு வாசல்களுக்கு இடையே ஓடுகிற வண்டி. அரியலூரில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் இடையே இரண்டு ஷிப்டாக ஓடுகிற டிப்பர்கள் இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கின்றன. ஆலையில் ஏற்கெனவே உயரழுத்த மின்சாரம் இருக்கிறது. கொட்டிவிட்டு நிற்கும் நேரத்திலும் ஷிப்ட் மாறும் நேரத்திலும் சார்ஜ் ஏற்றலாம். இவர்களுக்கு அரசு தள்ளிவிடத் தேவையில்லை, கணக்கே தள்ளும்.

துறைமுகக் கன்டெய்னர் டிரைலர்களை எல்லோரும் முதல் உதாரணமாகச் சொல்கிறார்கள். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எண்ணூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓடுகிற வண்டி தூரத்தில் பொருந்தும். ஆனால் வாசலில் வரிசையில் நிற்கிற நேரம் அதிகம், ஓடுகிற கிலோமீட்டர் குறைவு. நிற்கும்போது டீசல் வண்டி மணிக்கு 2 லிட்டர் எரிக்கும், மின்சார வண்டி ஏறக்குறைய ஒன்றுமில்லை. அந்த மிச்சம் உண்டு, ஆனால் 65 லட்சத்தை அது மட்டும் அடைக்காது. வரிசை நிற்கிற அந்தச் சாலையிலேயே சார்ஜர் வைத்தால் நிற்கிற நேரம் வீணாகாது. துறைமுகம் மனசு வைத்தால்தான் நடக்கும்.

இங்கே பிஎஸ்-6 பற்றி ஒரு சங்கதி. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து சாம்பலாக 550, 600 டிகிரி சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் லோடோடு ஓடும் வண்டிக்கு அது தானாக நடக்கும். பத்து கிலோமீட்டர் ஓடி அரை மணி நேரம் நிற்கிற வண்டிக்கு நடக்காது. வடிகட்டி அடைத்து, விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, கடைசியில் பட்டறை. குறுந்தூர வண்டிக்காரர்களை டீசலே வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது என்பதை இந்த விவாதத்தில் யாரும் சொல்லவில்லை.

தொப்பூர் கணவாயைத் தெரியாத டிரைவர் கிடையாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் நிற்கிற வண்டிகள்மேல் ஏறிய விபத்துகள் கொஞ்சமா? மின்சார லாரியில் நியூட்ரலில் விட்டால்தான் நஷ்டம். 55 டன் வண்டி ஒவ்வொரு 100 மீட்டர் உயரம் இறங்கும்போதும் 15 யூனிட் ஆற்றல் வெளியாகிறது. மோட்டாரே பிரேக் பிடித்தால் அதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பும், டிரம் சூடேறாது. டிரைவருக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்றுண்டு: மலை உச்சியில் முழுதாக சார்ஜ் ஏற்றி இறங்கினால் திரும்பி வரும் கரண்டுக்குப் பேட்டரியில் இடமிருக்காது, மோட்டார் பிரேக் வேலை செய்யாது. ஏற்காட்டிலும் ஊட்டியிலும் காருக்கும் இதே விதி. உச்சியில் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து டெல்லிக்கு 2,400 கிலோமீட்டருக்கு மேல். 150க்கு ஒரு முறை நிறுத்தினால் 16 சார்ஜ். 240 கிலோவாட் சார்ஜரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் வைத்தாலும் 16 மணி நேரம். 2025 நவம்பர் வரை நடப்பிலிருந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி நேர ஓய்வு தரச் சொன்னது. அந்த ஓய்வில் சார்ஜ் போடலாமே என்பார்கள். போடலாம், ஓய்வெடுக்கிற இடத்தில் சார்ஜர் இருந்தால். டீசல் பம்ப் ஒரு முனையில் நிமிடத்துக்கு 40 லிட்டர் ஊற்றும். 300 லிட்டருக்கு 8 நிமிடம். பத்து லாரி ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்ற 2.4 மெகாவாட் வேண்டும். சாதாரண ரோட்டோர டிரான்ஸ்ஃபார்மரால் நடக்கிற காரியமில்லை. தனி 11 அல்லது 33 கிலோவோல்ட் லைன், சொந்த டிரான்ஸ்ஃபார்மர், லாரி வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் டிமாண்ட் கட்டணம். லாரி இல்லாமல் சார்ஜர் வைக்க ஆளில்லை. சார்ஜர் இல்லாமல் லாரி வாங்க ஆளில்லை. தவிர நம் டிரைலர் டெல்லியில் இறக்கிவிட்டு நேரே ஊருக்கா திரும்புகிறது? ரிட்டர்ன் லோடு இந்தூருக்குக் கிடைத்தால் இந்தூர், அங்கிருந்து கொல்கத்தா. அடுத்த சார்ஜர் எங்கே என்று தெரியாத வண்டி அது. பேட்டரியையே கழற்றி மாற்றும் முறை சீனாவில் நன்றாக ஓடுகிறது. 2024இல் உலகில் விற்ற மின்சார லாரிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் அங்கேதான். ஆனால் ஒரு கம்பெனிப் பேட்டரி இன்னொரு கம்பெனி லாரியில் உட்காராதவரை நம் நெடுஞ்சாலையில் அது பரவாது.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அதில் டீசல் குடிப்பது லாரி இல்லை, கம்ப்ரசர். 500 குதிரைத்திறன் கம்ப்ரசர் 60 சதவீத லோடில் 8 மணி நேரம் ஓடினால் சுமார் 1,800 யூனிட்; மேலே சொன்ன லாரிப் பேட்டரியில் ஆறுக்கு மேல் வேண்டும். அதுவும் கரண்ட் கம்பமே இல்லாத காட்டுக்குள்.

நார்வேயை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் மின்சாரம். சரி. ஆனால் சாலையில் ஓடும் மொத்தக் கார்களில் மின்சாரம் பெட்ரோலை முந்தியது அதே ஆண்டு செப்டம்பரில்தான். டீசல் கார்கள் அப்போதும் அதைவிட அதிகம். இவ்வளவுக்கும் 2001 முதல் 2022 வரை அங்கே மின்சாரக் காருக்கு மதிப்புக்கூட்டு வரியே கிடையாது. புது விற்பனை மாறுவது வேறு, தெரு மாறுவது வேறு. நம் லாரி ஒரு முதலாளியிடம் ஏழு வருடம், அடுத்தவரிடம் ஐந்து வருடம், அப்புறம் மணல் அடிக்க, செங்கல் ஏற்ற என்று 15, 20 வருடம் உழைக்கிறது. இன்றைக்கு வாங்குகிற டீசல் லாரி 2040இலும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும்.

மின்சார வண்டியில் இன்று கிடைக்கும் லாபமும் நிரந்தரமில்லை. பெட்ரோலுக்கு மாநில வரி 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11.52 ரூபாய், மொத்தம் 20 ரூபாயைத் தாண்டும். டீசலுக்கு 11 சதவீதமும் 9.62 ரூபாயும். பங்க்கில் விற்பனை குறையக் குறைய இந்தப் பணத்தை அரசு வேறெங்காவது எடுத்தே தீரும். மின்சார வண்டிக்கு இன்று ஜிஎஸ்டி 5 சதவீதம், சிறிய பெட்ரோல் காருக்கு 2025 செப்டம்பர் முதல் 18. இந்த இடைவெளியும் முன்பு 28 சதவீதமாக இருந்தபோது இருந்ததைவிடச் சுருங்கிவிட்டது. பத்து வருடக் கணக்கு போடுகிறவர்கள் இன்றைய வரியை அப்படியே வைத்துப் போட வேண்டாம்.

லாரிக்கு மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் அதிகபட்சம் 9.6 லட்சம் மானியம் உண்டு; அதற்குப் பழைய லாரியை உடைக்கக் கொடுத்த சான்று வேண்டும். விண்ணப்பம் போடும் முன் உரிமையாளர்கள் ஒரு காரியம் செய்யட்டும். ஒவ்வொரு வண்டிக்கும் கடந்த மூன்று மாத டிரிப் ஷீட்டை எடுத்து இரண்டு எண்ணைப் பார்க்கட்டும்: கொட்டகையிலோ, சார்ஜர் வைக்கக்கூடிய லோடிங் இடத்திலோ ஒரு முறை நின்று அடுத்த முறை நிற்கும்வரை ஓடிய அதிகபட்ச தூரம், மாதம் ஓடிய மொத்த தூரம். முதலாவது 150க்குள்ளும் இரண்டாவது 8,000க்கு மேலும் இருந்தால் அந்த வண்டிக்கு மின்சார லாரி கொட்டேஷன் வாங்கலாம். வாங்கும்போதே ஆலை வாசலில் சார்ஜர் வைக்க எழுத்தில் சம்மதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று பொருந்தாவிட்டாலும், இருக்கிற வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஓட்டுங்கள்.

இப்படிக்கு,
வணிக வாகனப் பராமரிப்புப் பொறியாளர்,
சங்ககிரி.